எட்டு மணிக்கு யானை

முப்பத்து நான்கு வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் ஆயிரம் தடவையாவது வரைந்திருப்பேன். ஆனால் எனக்குக் கல்யாணமாகும்வரை அந்த மலையை நான் கண்ணால் பார்த்ததில்லை. இதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமே கிடையாது. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையிலேயே மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

அன்னவாசலில் எனக்கு வேலை கிடைத்த கையோடு அரிமளத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் கம்பெனிக்கு டைம் கீப்பர். விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பி விடுகிறவர். ஒரு டிரைவர் மூன்று நிமிஷம் பிந்தி வந்துவிட்டு, சரியான நேரத்துக்குத்தான் வந்தேன் என்று சாதித்தாராம். அவரை ஒரு வாரம் வண்டியில் ஏறவிடாமல் உட்கார வைத்துவிட்டாராம் இவர். போகிற வழியில் தரகர் இதை ரொம்பப் பெருமையாகச் சொன்னார். "லேட்டைக்கூட மன்னிச்சிருவாரு தம்பி. பொய்யை மட்டும் மன்னிக்க மாட்டாரு" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு போன நான், பஜ்ஜித் தட்டைக் கையில் வாங்கிய ஐந்தாவது நிமிஷம் ஒரு பொய் சொன்னேன்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "மாப்பிள்ளை பூகோள வாத்தியாருன்னு சொன்னாங்க. எங்கெங்க போயிருக்கீங்க?"

நான் போயிருந்த ஊர்கள் திருச்சியும் தஞ்சாவூரும். அதிலும் தஞ்சாவூருக்குப் போனது ஒரு பல் பிடுங்க. பூகோள வாத்தியாருக்கு இது போதாது என்று தோன்றியது. வாய் தானாகவே "தேக்கடி" என்றது. பயிற்சிக் கல்லூரியில் எக்ஸ்கர்ஷன் போனதாகவும், காட்டுக்குள் நடந்தே போனதாகவும், இருபதடி தூரத்தில் யானை நின்றதாகவும் சொன்னேன். எக்ஸ்கர்ஷன் போனது உண்மை. யானை நின்றதும் உண்மையாக இருக்கலாம். நான் மட்டும் அன்றைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னத்திலும் பற்றுப் போட்டுக்கொண்டு ஹாஸ்டலில் படுத்திருந்தேன். போய்விட்டு வந்தவர்கள் ஒரு மாதம் ஓயாமல் கதை சொன்னார்கள். அந்தக் கதையில் என்னையும் ஓர் ஓரமாக ஏற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது. அந்த யானைதான் எனக்குப் பெண் வாங்கிக் கொடுத்தது என்று நான் உறுதியாக நம்பினேன். (இல்லை, என் மாதச் சம்பளம்தான் என்று என் மனைவி பாக்கியம் பிற்பாடு சொன்னாள்.)

கல்யாணமாகி ஒரு வருஷம் யானை எனக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. அடுத்த சித்திரையில் மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தவர், மாலையைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்தார். "லீவு விட்டதும் நாம நாலு பேரும் டூர் போறோம் மாப்பிள்ளை. மதுரையை நான் காட்டுறேன். தேக்கடியை நீங்க காட்டுங்க."

மதுரை அவருக்கு உள்ளங்கை மாதிரி என்று அரிமளமே சொல்லும். மதுரைக்குப் போகிற யாரும் அவரிடம் வழி கேட்காமல் போகமாட்டார்கள். எந்தச் சத்திரத்தில் தங்கலாம், எந்தக் கோபுர வாசலில் கூட்டம் குறைவு என்று அத்தனையும் சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்டவரின் பக்கத்தில், தேக்கடி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அட்லஸில் மட்டும் பார்த்த நான் வழிகாட்டியாக நிற்க வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்திருந்த அந்த டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். என் விஷயத்தில் அது ஒரு வாரத்தோடு முடியுமா என்பதுதான் கவலை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிமளத்தில் திட்டக்குழு கூடியது. மாமனார் ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில் பஸ் கம்பெனி வழக்கப்படி நான்கு பத்தி கோடு போட்டார். இடம், வர வேண்டிய நேரம், வந்த நேரம், லேட்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு இரண்டு மணி நேரம், நாயக்கர் மகாலுக்கு ஒரு மணி நேரம், டயர் வெடித்தால் அரை மணி நேரம் என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினார். என் பகுதி வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யானை எத்தனை மணிக்கு?"

யானை அப்படியெல்லாம் நேரம் பார்த்து வராது என்று மென்று விழுங்கினேன். "நீங்க பாத்தன்னைக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்றார். எட்டு என்றேன். 'யானை - 8.00' என்று அழுத்தி எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. என் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். நானும் பாக்கியத்திடம் சொல்வதுபோலக் கதவுக்குப் பதில் சொல்வேன். "மலையில குடிதண்ணி கெடைக்குமான்னு கேளு பாக்கியம்" என்றது கதவு. எனக்குத் தெரிந்த மலைகளெல்லாம் புதுக்கோட்டைச் சீமையின் மொட்டைப் பாறைகள். அந்த அனுபவத்தில், மலை மேல் தண்ணீருக்கு உத்தரவாதமில்லை என்றேன். உடனே இரண்டு பித்தளைக் கூஜாக்கள் பரணிலிருந்து இறங்கின.

"காட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிறலாமா?" என்று அடுத்த கேள்வியை மாமனார் கேட்டார்.

நான் யோசித்தேன். விராலிமலை, குடுமியான்மலை என்று எங்கள் பக்கத்து மலைகளில் சாமி இருக்கும். மலை என்றால் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றுகிற வழக்கத்தில் வளர்ந்தவன் நான். அவ்வளவு பெரிய மலையில் சாமி இல்லாமலா இருக்கும்? "கூடவே கூடாது மாமா" என்றேன். 'பாதரட்சை தவிர்க்கவும்' என்று அதுவும் தாளில் ஏறியது. தையலில் குனிந்திருந்த பாக்கியத்தின் தோள் லேசாகக் குலுங்கியது. புருஷனுக்குத் தெரியாத விஷயமே இல்லை என்ற பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

பழக்கத்துக்காக ஒருநாள் நால்வரும் சித்தன்னவாசல் பாறையில் வெறுங்காலோடு ஏறினோம். யோசனை என்னுடையதுதான். மே மாதம், காலை பதினொரு மணி. மாமியார் கூஜாவோடு அநாயாசமாக ஏறிப் போய்விட்டார். நான் பாதி வழியிலிருந்து, நெருப்பு மிதிக்கிறவன் மாதிரி குதித்துக் குதித்து இறங்கினேன்.

கிளம்புகிற நாள் வந்தது. விடிகாலை பஸ்ஸில் மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்து, திருமயம், திருப்பத்தூர், மேலூர் என்று ஒவ்வோர் ஊருக்கும் வந்த நேரம் எழுதிக்கொண்டே வந்தார். மதுரையில் இறங்கியதும் பொறுப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றைக்கு முழுதும் அவருடைய ராஜ்யம்.

கோயிலைப் பார்த்துவிட்டு நாயக்கர் மகாலுக்குக் கிளம்பினோம். கோயிலைச் சுற்றித் தெருக்கள் சதுரம் சதுரமாக இருந்தன. ஒரு பாத்திரக்கடையைத் தாண்டினோம். சற்று நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு பாத்திரக்கடையைத் தாண்டினோம். மூன்றாவது தடவை கடைக்காரரே வெளியே வந்து, உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். "ஊருன்னா நல்லாச் சுத்திக் காட்டணும்ல" என்றார் மாமனார், வியர்வையைத் துடைத்தபடி. அவ்வப்போது எங்களை நிற்க வைத்துவிட்டுத் தனியாகப் போய், யாரிடமாவது பேசிவிட்டு வந்து, மணி கேட்டேன் என்பார். கையில் கடிகாரம் கட்டியிருக்கிற டைம் கீப்பர் எதற்காக ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் மணி கேட்கிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நாளை மறுநாள் எட்டு மணி யானைதான் என் மனசு முழுதும் நின்றது.

மறுநாள் காலை மதுரை பஸ் ஸ்டாண்டில் இன்னொரு கூத்து நடந்தது. பழம் வாங்கப் போன எங்களைக் கூப்பிடுவதற்காக மாமனார் பையிலிருந்து தன் பழைய விசிலை எடுத்து ஊதினார். முப்பது வருஷம் ஊதிய விசில், அதன் அதிகாரமே தனி. கண்டக்டர் இன்னும் டீக்கடையில் இருக்க, திண்டுக்கல் வண்டி ஒன்று கிளம்பிவிட்டது. கண்டக்டர் டம்ளரோடு பின்னால் ஓடினார். மாமனார் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்துட்டான்" என்றார்.

தேனி, கம்பம் தாண்டி, மலை ஏறி, தேக்கடியை ஒட்டிய குமுளியில் இறங்கினோம். அறையில் மூட்டையை வைத்துவிட்டு ஏரியைப் பார்க்கப் போனோம். எங்கள் ஊர்க் கண்மாய்கள் நூறை ஒன்றாக ஊற்றினாலும் காணாது போலிருந்தது. அவ்வளவு தண்ணீரையும், புதுக்கோட்டையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கூஜாக்களையும் மாமியார் மாறி மாறிப் பார்த்தார். கூஜாவைத் திறந்து எல்லாருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டே புதுக்கோட்டைத் தண்ணீரைக் குடித்தேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் காலை ஏழு மணிக்குச் செருப்புகளை அறையிலேயே வைத்துவிட்டு நான்கு பேரும் காட்டு வாசலில் போய் நின்றோம். கூட வரக் காட்டிலாகா வாட்சர் ஒருவர் இருந்தார், குட்டப்பன் என்று பெயர். எங்கள் எட்டுக் கால்களையும் வரிசையாகப் பார்த்தார். "நேர்த்திக்கடனா சாரே?" என்று மரியாதையாகக் கேட்டார். மாமனார் பக்கத்திலேயே நின்றதால், எதற்கு என்று தெரியாமலே தலையாட்டி வைத்தேன். சாமி காரியம் என்று நினைத்த அந்த நல்ல மனிதர் அதற்குமேல் கேட்கவில்லை.

காட்டுக்குள் இரண்டு மைல் போயிருப்போம். மாமனார் நின்று காலைத் தூக்கிப் பார்த்தார். கணுக்காலில் கறுப்பாக, நூல் கனத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன மாப்பிள்ளை?"

எனக்கு அட்டை தெரியும். கண்மாயில், எருமையின் மேல் இருக்கும். தரையில் நடந்து வந்து மனுஷன் காலில் ஏறுகிற அட்டை உலகத்தில் உண்டு என்று எந்தப் பூகோளப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் கொஞ்சமும் தயங்காமல் விளக்கினேன். "காட்டு விதை மாமா. இப்படித்தான் ஒட்டிக்கிட்டுப் போய் வேற எடத்துல முளைக்கும். தானா விழுந்துரும், பிடுங்கக் கூடாது."

மாமனார் இயற்கையின் அதிசயத்தை மெச்சிக்கொண்டு நடந்தார். எனக்குப் பின்னால் மாமியார் மகளிடம் ஏதோ கிசுகிசுத்தது கேட்டது. அது அட்டை என்று பார்த்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையிடம் பேசக் கூடாது. மாப்பிள்ளை சொன்னதை மறுத்து மகள் பேசினால் அதுவும் மரியாதையில்லை. இப்படி எங்கள் குடும்பத்தின் நல்ல பழக்கவழக்கங்களை ஒவ்வொன்றாகக் காப்பாற்றிக்கொண்டே நால்வரும் இன்னும் கால் மைல் நடந்தோம். குட்டப்பன் வெகு முன்னால் யானைத் தடம் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் பாக்கியம்தான் மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, உங்க விதை வீங்குதுங்க."

குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலிலும் கோவைக்காய் அளவில் ஏழெட்டு விதைகள் தொங்கின. ஒன்று விழுந்த இடத்திலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் கிளை மாறின. காலை உதறினேன், ஆடினேன், கடைசியில் ஏரிக்கரையில் இருந்த ஒரு பாறையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பக்கத்திலேயே ஒரு குரல் கேட்டது.

"கால நீட்டுங்க மாப்பிள்ளை."

கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். சுருக்குப் பையிலிருந்து புகையிலையை எடுத்து மென்று, சாற்றை வைத்தார். கட்டுச்சோற்று மூட்டையிலிருந்து உப்பை எடுத்துத் தேய்த்தார். விதைகள் சுருண்டு சுருண்டு விழுந்தன. எனக்கு முடித்துவிட்டு மாமனாருக்கு, பிறகு மகளுக்கு, கடைசியில் தனக்கு. திரும்பி ஓடிவந்த குட்டப்பன், செருப்பு இல்லாமல் வந்தது நேர்த்திக்கடனுக்காக இல்லை என்று தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று கையைக் காட்டி எங்களைப் பேசாதிருக்கச் சொன்னார். ஏரியின் அக்கரையில் புல் அசைந்தது. ஒரு பெரிய யானை, பின்னால் இரண்டு, அவற்றின் காலுக்கிடையில் ஒரு குட்டி. தண்ணீருக்கு வந்து நின்று துதிக்கையை நீட்டின. எனக்குக் கால் மறந்தது, ரத்தம் மறந்தது, ஒரு வருஷமாகக் கட்டிக் காத்த பொய்யும் மறந்துபோனது.

"அய்யோ மாமா," என்றேன், "காட்டுல நெசமாவே யானை இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மாமனார் யானையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த இருபதடி யானை?"

இனி மறைத்துப் பயனில்லை. பொன்னுக்கு வீங்கியையும், ஹாஸ்டலையும், கன்னத்துப் பற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வரும்போல இருந்தது. பொய்யை மன்னிக்காத மனிதர். என்ன சொல்லப்போகிறாரோ, பாக்கியத்தை என்னோடு அனுப்புவாரோ மாட்டாரோ என்றுகூட மனசு அடித்துக்கொண்டது.

அவர் யானைகள் பக்கம் திரும்பினார். பிறகு அவற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார். "நானும் மதுரையை முந்தாநாள்தான் மாப்பிள்ளை பாத்தேன்."

முப்பது வருஷம் விசில் ஊதி மதுரைக்கு ஆட்களை அனுப்பியவர் ஒரு தடவைகூட ஏறிப் போனதில்லையாம். வேலையில் முதல் மாதம் யாரோ வழி கேட்டார்களாம், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கண்டக்டரிடம் கேட்டுச் சொன்னாராம். அப்புறம் எல்லாரும் அவரையே கேட்டார்கள். அவ்வளவு தெரிந்தவர் எப்படி முதல்முறையாகப் போய் முழிப்பது? அதனாலேயே போகவில்லையாம். மதுரையில் அவர் ஊராரிடம் கேட்டது மணியில்லை, வழி என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

முதலில் சிரித்தது நான்தான். மரியாதையில்லாத சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு அவரும் சிரித்தார். ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் எனக்கு அந்தப் பாறை மேலேயே படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. அவ்வளவு நிம்மதியை நான் அதற்குப் பிறகு ரிட்டையரான அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கல்யாணப் பந்தியிலேயே பொன்னுக்கு வீங்கிக் கதையை அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறான். அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் மதுரை ரகசியமோ அம்மாவுக்கு ஆதியிலிருந்தே தெரியும். இரண்டு பேரும் எல்லாம் தெரிந்தேதான் எங்களுக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். "இம்புட்டு லேட்டாகும்னு நெனைக்கலை."

திரும்பி வரும்போது மதுரையில் மறுபடி ஒருநாள் இறங்கினோம். இந்தத் தடவை நான்கு பேரும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாய்விட்டு வழி கேட்டோம். பாத்திரக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்து எழுந்தோம். அதற்குப் பிறகு மாமியார் எனக்காகக் கதவுக்குப் பின்னால் போகவே இல்லை. புகையிலைச் சாறு வைத்த காலுக்கு முன்னால் என்ன மறைவு என்று கேட்பார்.

மாமனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த ஃபுல்ஸ்கேப் தாளைப் பாக்கியம் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் யாராவது ஒரு தப்பை மறைத்து வைத்து ஒருவழியாக ஒப்புக்கொண்டால், பேத்திவரை யாரும் திட்டுவதில்லை. "எவ்வளவு லேட்டு?" என்று மட்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். அங்கே, 'யானை - வர வேண்டிய நேரம் 8.00, வந்த நேரம் 9.40, லேட்டு ஒரு மணி நாற்பது நிமிஷம்' என்ற வரிக்குக் கீழே, அதே அழுத்தமான கையெழுத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருக்கும்.

'மாப்பிள்ளை உண்மை - வந்த நேரம் 9.42. லேட்டு ஒரு வருஷம்.'

'நான் - 9.50. லேட்டு முப்பது வருஷம்.'